பயந்தவர்களின் காதல்

லீ பார்டுகோ எழுதிய 'க்ரூக்கட் கிங்டம்' (2016) நாவலில் ஒரு குளியலறைக் காட்சி வருகிறது. இனெஜ் என்ற பெண்ணுக்குக் காயம். கட்டை அவிழ்த்து வேறு கட்டுப் போட வேண்டும். காஸ் பிரெக்கர் அதைச் செய்ய முன்வருகிறான். எந்நேரமும் கறுப்புத் தோல் கையுறை மாட்டியிருப்பவன் அவன். இப்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் விரலால் அவள் தோளைத் தொட வேண்டும். தொடுகிறான். தொட்ட கணத்திலேயே தண்ணீருக்குள் மூழ்குகிறவனைப் போல அவனுக்கு மூச்சு முட்டுகிறது. நிறுத்துகிறான், மறுபடி தொடங்குகிறான். ஒரு கட்டத்தில் அவன் உதடு அவள் கழுத்தருகே போய்விடுகிறது. அதற்குமேல் முடியவில்லை, விலகிவிடுகிறான். கட்டு மாற்றி முடிந்தது, காட்சியும் முடிந்தது. சமீபத்தில் நான் வாசித்த இளையோர் நாவல்களில் இதைவிட நல்ல காதல் காட்சியைப் பார்க்கவில்லை.

காரணம் இவ்விருவரும் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதில் இருக்கிறது. காஸுக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்துபோகிறார். அண்ணன் ஜோர்டி நிலத்தை விற்ற பணத்தோடு தம்பியைக் கூட்டிக்கொண்டு கெட்டர்டாம் நகரத்துக்கு வருகிறான். பழைய ஆம்ஸ்டர்டாமை மனதில் வைத்து பார்டுகோ கட்டிய வணிகத் துறைமுகம் அது. ஒரு மோசடிக்காரன் பணம் முழுவதையும் பறித்துக்கொள்கிறான். தெருவுக்கு வந்த பிள்ளைகளைக் கொள்ளைநோய் பிடிக்கிறது. அண்ணன் சாகிறான். தம்பியையும் செத்தவன் என்று நினைத்துப் பிணப்படகில் தூக்கிப் போடுகிறார்கள். ஊதிப்போன அண்ணன் உடலைத் தெப்பமாகப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்த சிறுவனுக்கு, அதன்பிறகு மனிதத் தோல் என்றாலே அந்தக் குளிர்ந்த சதைதான். இனெஜின் பயம் வேறு வகை. கழைக்கூத்துக் குடும்பத்துப் பெண் அவள். பதினான்கு வயதில் அடிமைக் கப்பல்காரர்கள் கடத்திவந்து ஒரு விலைமாதர் விடுதியில் விற்றுவிட்டார்கள். யாருடைய கை தன்மேல் பட்டாலும் மனத்தை உடம்பிலிருந்து கழற்றி எங்கேயோ அனுப்பிவிட அங்கே பழகிக்கொண்டவள்.

இது மாயாஜாலக் கதை. கண்ணெதிரே காயத்தை ஆற்றிவிடக்கூடியவர்கள் இந்த உலகில் இருக்கிறார்கள், நாயகர்களின் கூட்டத்திலேயே அப்படி ஒருத்தி உண்டு. ஆனால் இந்த இரண்டு பயங்களின் பக்கம் மந்திரத்தை அண்டவிடாமல் வைத்திருக்கிறார் ஆசிரியர். அவரை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். முதல் நூலான 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' (2015) முடியும்போது காஸ் இனெஜைத் தன்னோடு இருக்கச் சொல்கிறான். கவசத்தோடு வருகிற மனிதன் எனக்கு வேண்டாம் என்ற பொருளில் அவள் மறுக்கிறாள். அதற்கு அவனிடம் பதில் இல்லை. இரண்டாம் நூலின் கடைசியில் அவளுக்கு ஒரு கப்பல் வாங்கி நிறுத்துகிறான். பிரிந்துபோன அவளுடைய அம்மா அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்துத் துறைமுகத்துக்கு வரவழைக்கிறான். தன் கழுத்துப்பட்டை நேராக இருக்கிறதா என்று பதற்றத்தோடு அவளிடமே கேட்கிறான். கையுறையில்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். இரண்டு தடித்த புத்தகங்களில் இந்த ஜோடிக்கு வாய்த்தது அவ்வளவுதான். ஒரு முத்தம்கூட இல்லை. எனக்குக் குறையாகவும் தெரியவில்லை. அவர்கள் எவ்வளவு தூரம் நடந்து அங்கே வந்திருக்கிறார்கள் என்பதைக் கூடவே நடந்து பார்த்தவளுக்கு அந்தக் கைப்பிடி போதுமானதாக இருந்தது.

இந்தப் புத்தகங்களையெல்லாம் எனக்குக் கொடுத்தவள் என் அண்ணன் மகள். பதினொன்றாம் வகுப்பு. "படிச்சிட்டு சொல்லுங்க அத்தை, படிக்காம சொல்லாதீங்க" என்றாள். நியாயமான கோரிக்கை. ஆங்கிலப் புத்தகக் கடைகளில் இளையோருக்கென்று தனி அலமாரியே இருக்கிறது, அதில் பாதிக்குமேல் காதலும் மாயமும் கலந்த கதைகள். பெரியவர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அட்டையில் கிரீடமும் வாளும் பார்த்தால் விலகிவிடுகிறோம்.

அவள் வயதில் எனக்கு இப்படி ஓர் அலமாரி கிடையாது. அம்புலிமாமாவிலிருந்து நேராகக் கல்கிக்குத் தாவிய தலைமுறை நாங்கள். 'சிவகாமியின் சபதம்' படித்து அழுதவர்களில் நானும் ஒருத்தி, இன்றும் அந்த நாவல்மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் இப்போது யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. சிவகாமி வாதாபியில் ஒன்பது ஆண்டு சிறையிருக்கிறாள். சிறைபிடிக்கப்பட்ட தமிழ் மக்களைச் சவுக்கடியிலிருந்து காப்பாற்ற நாற்சந்தியில் நின்று நடனமாடுகிறாள். அந்தப் பெண்ணின் இரவுகள் எப்படி இருந்தன? காலடி ஓசை கேட்டால் அவள் உடம்பு என்ன செய்தது? அவளுடைய வைராக்கியத்தைக் கல்கி ஆயிரம் விதமாகச் சொல்கிறார், பயத்தைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறார். வாதாபி எரிந்து அவள் திரும்பி வரும்போது அவள் காதலித்த மாமல்லர் ஏற்கெனவே மணமாகிக் குழந்தைகளோடு இருக்கிறார், அவள் ஏகாம்பரநாதருக்குத் தாலி கட்டிக்கொள்கிறாள். பதினைந்து வயதில் அதைக் காவியமாக வாசித்தேன். இன்று அந்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றி ஒரு முழு நாவல் வேண்டும் என்று தோன்றுகிறது. பார்டுகோ மாதிரி ஒருவர் எழுதுவது அந்த விடுபட்ட பகுதியைத்தான்.

பதின்வயதுக் காதலில் ஆசைக்குச் சமமாகப் பயமும் இருக்கிறது. அடுத்தவர் உடம்பைக் கண்டு பயம், அடுத்தவர் கையில் இருக்கும் அதிகாரத்தைக் கண்டு பயம், தன்னையே கண்டு பயம். இந்த வகை நாவல்களை எடைபோட எனக்கு இப்போது இருப்பது ஒரே கேள்விதான்: பயத்தை இந்த ஆசிரியர் என்ன செய்கிறார்?

ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' (2005) அதைத் தித்திப்பாக்கிவிடுகிறது. எட்வர்ட் 1918 இன் விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்து ரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்டவன், அன்றிலிருந்து பதினேழு வயதிலேயே நிற்பவன். பெல்லாவுக்கு நிஜமாகவே பதினேழு. அவளுக்குத் தெரியாமல் ராத்திரி அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தெரியவந்ததும் அவள் பயப்பட வேண்டிய இடத்தில் நாவல் அவளை நெகிழ வைக்கிறது. ஆபத்தானவன், ஆனால் எனக்காக அடக்கிக்கொள்கிறான் என்ற கற்பனையின் கவர்ச்சி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அடக்குவதா வேண்டாமா என்ற முடிவு எப்போதும் அவன் கையிலேயே இருக்கிறது. அவளுடைய பயத்துக்குக் கதையில் எந்த வேலையும் இல்லை. மேயருக்கு ஒரு பாராட்டு மட்டும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் நூலான 'நியூ மூன்' (2006) இல் எட்வர்ட் விட்டுப் போனபின் சில பக்கங்களில் மாதத்தின் பெயர் மட்டும் அச்சாகியிருக்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. மற்றபடி வெள்ளைத் தாள். முதல் காதல் கைவிட்டுப்போன பெண்ணுக்கு நாட்கள் அப்படித்தான் போகின்றன.

ஹாலி பிளாக்கின் 'தி க்ரூயல் பிரின்ஸ்' (2018) பற்றி வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஜூட் ஏழு வயதில் தன் அம்மா அப்பாவைக் கண்ணெதிரே பறிகொடுத்தவள். கொன்றவன் மேடாக் என்ற படைத்தலைவன், மாய உலகைச் சேர்ந்தவன். பெண்பிள்ளைகள் மூவரையும் அவன் எல்ஃப்ஹேம் என்ற தன் நாட்டுக்குக் கொண்டுபோய் மகள்களாகவே வளர்க்கிறான். அங்கே பிறந்தவர்களால் பொய் சொல்ல முடியாது. மனிதப் பெண்ணான ஜூடால் முடியும், அவளுடைய ஒரே ஆயுதம் அது. யாரும் தன்னை விஷம் வைத்துக் கொல்ல முடியாதபடி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் தின்று உடம்பைப் பழக்குகிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்து, மறுநாள் மறுபடி தின்கிறாள். பயத்தை ஒரு பெண் உடம்பில் இப்படி எழுதியவர் சாதாரண எழுத்தாளர் இல்லை. தன் பெற்றோரைக் கொன்றவனையே தகப்பனாக நேசிக்க நேர்ந்த ஜூடின் குழப்பத்தை வைத்தே மூன்று நூல்களையும் எழுதியிருக்கலாம். இந்தத் தொடரின் மெய்யான உறவு அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் கதை கார்டன் பக்கம் போகிறது. ஜூடையும் அவள் இரட்டைச் சகோதரியையும் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து வதைத்த இளவரசன் அவன். அவன் அறையில் ஒரு தாள் கிடைக்கிறது, அதில் ஜூடின் பெயரையே திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறான். அடித்தவன் அத்தனை நாளும் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தான். எனக்கு இங்கேதான் கசந்தது. உன்னைத் துன்புறுத்துகிறவன் உள்ளுக்குள் உன்மேல் உயிராக இருக்கிறான் என்று பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலும் சினிமாவிலும் காலம் காலமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். கார்டனும் சின்ன வயதில் அண்ணன் வீட்டில் சவுக்கடி பட்டவன் என்று நூல் விளக்குகிறது. ஒருவன் ஏன் அப்படி ஆனான் என்று சொல்வது ஒரு வேலை. செய்ததற்கு அவனைப் பொறுப்பேற்க வைப்பது வேறு வேலை. முதல் வேலையை முடித்த திருப்தியில் ஹாலி பிளாக் இரண்டாவதைப் பாதியில் விட்டுவிட்டார்.

அண்ணன் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவ பயந்துட்டே இருக்கா, ஆனா நகராம நிக்கிறா. அவன் கழுத்துல கத்திய வச்சு, ஒரு வருஷம் ஒரு நாள் அவன் தன் பேச்சத்தான் கேக்கணும்னு சத்தியம் வாங்குறா. நான் படிச்சது ஜூடுக்காக அத்தை. கார்டன் நல்லவனா கெட்டவனான்னு நீங்கதான் யோசிச்சிட்டு இருக்கீங்க." அவள் சொல்வதில் பலம் இருக்கிறது. ஒரு பெண் அதிகாரத்துக்கு வெளிப்படையாக ஆசைப்படுவதும், அதற்காக நாவல் அவளைத் தண்டிக்காததும் நான் அவள் வயதில் படித்த கதைகளில் அபூர்வம். இருந்தாலும் அந்தத் தாளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் அவளிடம் மேகன் வேலன் டர்னரைக் கொடுத்தேன். 'தி தீஃப்' (1996) தொடங்கி 2020 வரை கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டு ஆறு நாவல்களாக வந்த தொடர். பழைய கிரேக்கத்தைப் போன்ற மலைநாடுகள், அங்கே தெய்வங்களும் உண்டு, துப்பாக்கியும் உண்டு. இரண்டாம் நாவலான 'தி குயின் ஆஃப் அட்டோலியா' (2000) இன் தொடக்கத்திலேயே, எடிஸ் நாட்டின் திருடன் யூஜெனிடெஸ் அட்டோலியாவின் அரண்மனையில் பிடிபடுகிறான். திருடன் என்பது அங்கே அரசவைப் பதவி, அவன் எடிஸ் அரசியின் உறவினனும்கூட. அட்டோலியா அரசி அவனுடைய வலது கையை வெட்டச் சொல்கிறாள். வெட்டிவிடுகிறார்கள். இந்த இருவரும்தான் காதலர்கள்.

சுருக்கமாகச் சொன்னால் கார்டன் கதையைவிடக் கொடுமையாக இருக்கிறது. அப்படியிருந்தும் நான் ஏன் இதை ஏற்றேன், அதை மறுத்தேன்? திரும்பத் திரும்பப் பக்கங்களைப் புரட்டி யோசித்திருக்கிறேன். முதலாவது, வெட்டிய கை வெட்டியதுதான். இந்தக் கதையுலகில் தெய்வங்கள் நேரில் வருகின்றன, அவன் அவற்றிடம் முறையிடவும் செய்கிறான், கை மட்டும் திரும்பி வருவதில்லை. ஊர் திரும்பியவன் நூலகத்துக்குள் ஒடுங்கிக்கொள்கிறான். இடது கையால் எழுதிப் பழகுகிறான். ராத்திரியில் அலறிக்கொண்டு எழுந்திருக்கிறான். இரண்டாவது, தான் செய்தது இன்னதென்று அரசிக்குத் தெரியும், அவளாலும் தூங்க முடியவில்லை. இளம்பெண்ணாக அரியணை ஏறியவள் அவள். தன்னைப் பொம்மையாக வைத்து ஆளத் திட்டமிட்ட மாப்பிள்ளையைக் கல்யாண விருந்திலேயே விஷம் கொடுத்துக் கொன்றவள். இரக்கமில்லாதவள் என்ற பெயர் இருந்தால்தான் சிற்றரசர்கள் அடங்குவார்கள் என்று தெரிந்து, அந்தப் பெயரை முகத்தில் பூசிப் பூசிக் கடைசியில் தன் முகம் எது என்று தனக்கே தெரியாமல் நிற்கிறாள். பயமுறுத்துகிறவளின் பயம் இப்படி இருக்கும் என்று ஓர் இளையோர் நாவல் எனக்குக் காட்டியது.

பிறகு அவன் அவளைத் திருடுகிறான். ஒற்றைக் கையோடு அரசியையே கடத்திப் படகில் உட்காரவைத்து, என்னைக் கட்டிக்கொள் என்கிறான். காதலிக்கிறேன் என்கிறான். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? வாசிக்கிற நாமும் நம்புவதில்லை. டர்னர் தன் நாயகன் மனதில் ஓடுவதை எளிதில் வெளியே விடுகிறவர் இல்லை. முன்பு சாதாரணமாகக் கடந்துபோன ஒரு வரியில் அவன் ஆசை ஒளிந்திருந்தது நூறு பக்கம் தாண்டியபின் உறைக்கும், திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். உன்னைக் கண்டு எனக்கு நடுங்குகிறது, ஆனாலும் நீதான் வேண்டும் என்று ஒருவன் நிற்பதும், என்னை நீ எப்படி மன்னிக்க முடியும் என்று ஒருத்தி திகைப்பதும் இந்த நாவலில் அருகருகே இருக்கின்றன. ஒன்று மற்றதைத் துடைத்துவிடுவதில்லை.

மூன்றாவது நாவல் 'தி கிங் ஆஃப் அட்டோலியா' (2006) இன்னும் துணிச்சலானது. கல்யாணம் ஆகிவிட்டது, ஆனால் கணவன் மனைவி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. கதையைப் பெரும்பாலும் கோஸ்டிஸ் என்ற காவல் வீரனின் கண் வழியாகப் பார்க்கிறோம். புது அரசனை முகத்தில் குத்திவிட்டுத் தண்டனைக்காகக் காத்திருப்பவன் அவன். எதிரி நாட்டிலிருந்து வந்த ஒற்றைக் கை அரசனை அரண்மனையில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பணியாட்கள் அவன் சாப்பாட்டில் மணல் கலக்கிறார்கள், படுக்கையில் பாம்பை விடுகிறார்கள். அரசி இவனைச் சகித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், கோஸ்டிஸும் அப்படித்தான். பிறகு கொலையாளிகள் தாக்கி அரசன் வயிற்றில் காயத்தோடு கிடக்கும்போது அவளை அவன் அருகில் பார்க்கிறான், அதுவரை நினைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் அவனுக்குத் தலைகீழாகிறது. நம் வீடுகளிலும் பெரியவர்களின் அன்பைப் பிள்ளைகள் இப்படித்தானே தெரிந்துகொண்டோம், வாசல் பக்கம் போகும்போது கண்ணில் பட்டதை வைத்து. காதலர்களின் மனத்துக்குள் நம்மை உட்காரவைத்து ஒவ்வொரு துடிப்பையும் சொல்லுகிற நாவல்களுக்கு நடுவே டர்னரின் இந்த அடக்கம் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அண்ணன் மகளுக்கு முதல் நூலில் பொறுமை போய்விட்டது, மூன்றாவதை இரண்டு தடவை படித்தாள்.

ஃபிலிப் புல்மனின் முத்தொகுதியை இந்த வரிசையில் மறுபடி எடுத்தேன். அதில் ஒவ்வொரு மனிதருக்கும் ஆன்மா விலங்கு வடிவில் உடம்புக்கு வெளியே கூடவே திரிகிறது. பிள்ளைகளுக்கு அது நினைத்தபடி உருமாறும், பருவம் வந்தபின் ஒரே உருவில் நிலைத்துவிடும். அடுத்தவருடைய விலங்கைத் தொடக்கூடாது, அப்படி ஒரு மனத்தடை. முதல் நூலான 'நார்தர்ன் லைட்ஸ்' (1995) இல், பிள்ளைகளிடமிருந்து அந்த விலங்கை அறுத்தெடுக்கும் ஆய்வுக்கூடத்தில், லைராவின் விலங்கை ஒரு பெரிய மனிதனின் கை பிடித்துவிடுகிறது. அந்த அருவருப்பை வாசிக்கும்போது நமக்கே குமட்டும். மூன்றாவது நூலான 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' (2000) இல் லைராவும் வில்லும் ஒருவர் விலங்கை ஒருவர் தொடுகிறார்கள், இம்முறை இருவரும் விரும்பி. அதே செயல். முன்னதில் வன்முறை, பின்னதில் காதல். சம்மதம் என்றால் என்ன என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு விளங்கவைக்க இதைவிடத் தெளிவான காட்சியை நான் படித்ததில்லை.

பிள்ளைகள் வளர்வதைக் கண்டு பெரியவர்கள் பயப்படுவதுதான் அந்தத் தொகுதியின் மையம். அப்படிப்பட்ட நூலின் அமெரிக்கப் பதிப்பில், லைராவின் உடம்பில் முதன்முதலாக ஏதோ விழிக்கிற இடத்தின் சில வரிகளைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு இது இன்னும் ஆறவில்லை. புல்மனின் முடிவைப் பற்றி ஒரு மனக்குறையும் உண்டு. வேற்றுலகத்தில் நீண்டகாலம் உயிர்வாழ முடியாது, உலகங்களுக்கு இடையேயான சன்னல்களையும் மூடியாக வேண்டும், ஆகவே இருவரும் பிரிகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆக்ஸ்ஃபோர்ட் தாவரவியல் தோட்டத்தில் அவரவர் உலகத்தில் அதே பெஞ்சில் வந்து உட்கார வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். துக்கம் உண்மையானது, நானும் அழுதேன். ஆனால் பிரிக்கிற அந்த விதி கதையின் கடைசியில் வெளியிலிருந்து வந்து விழுகிறது. காஸுக்கும் இனெஜுக்கும் நடுவே நிற்பது அவர்களுக்குள்ளேயே முளைத்தது, அதனால் அது எனக்கு இன்னும் ஆழமாகப் பட்டது.

அடுத்து அண்ணன் மகளுக்கு உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ நூல்களை வரிசையாகக் கொடுப்பதாக இருக்கிறேன். 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971) அவளுக்குப் பிடித்துவிடும். இருட்டுச் சுரங்கத்தில் பூசாரியாக வளர்க்கப்பட்ட டெனார் என்ற சிறுமி, சிக்கிக்கொண்ட மந்திரவாதி கெட்டைக் கொல்லாமல் விட்டு அவனோடு வெளியேறுகிற கதை. இருவருக்கும் நடுவே நம்பிக்கை பிறக்கிறது, காதல் இல்லை. கிட்டத்தட்ட இருபது ஆண்டு கழித்து லெ குவின் அதே இருவரிடம் 'டெஹானு' (1990) நாவலில் திரும்பி வந்தார். டெனார் இப்போது நடுவயது விதவை, ஒரு குடியானவனின் மனைவியாக வாழ்ந்தவள், நெருப்பில் பாதி முகம் கருகிய ஒரு குழந்தையை வளர்க்கிறாள். கெட் மந்திர சக்தி முழுவதையும் இழந்து, டிராகன் முதுகில் குற்றுயிராக வந்து இறங்குகிறான். அரசனின் ஆட்கள் தேடி வந்தால் வெட்கத்தில் ஒளிந்துகொள்கிறான். ராத்திரி முரடர்கள் டெனாரின் வீட்டைச் சூழும்போது அவன் கையில் இருப்பது வைக்கோல் அள்ளும் கவைக்கோல்தான். அதன்பிறகுதான் அவர்கள் சேர்கிறார்கள், வாழ்நாளெல்லாம் பெண் வாசமே அறியாத கெட்டுக்கு அது முதல் காதல். டெஹானு அவளுக்குச் சலிப்பூட்டலாம். பாத்திரம் கழுவுவதும் ஆடு மேய்ப்பதும் பக்கம் பக்கமாக வருகின்றன, டிராகன் எப்போதாவதுதான் வருகிறது. ஆனாலும் கொடுக்கப்போகிறேன். பதினாறு வயதுக்காரி டெனாரைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்க வேண்டும். கெட்டின் பக்கம் அவள் நிற்பாளா என்பதையும்.